அடுப்பங்கரைக்கு ஒரு நாடா விளக்கு

விளக்கு என்பது ஆதிகாலத்திலிருந்தே பெண்களின் இலாகா. கல்யாணச் சீரில் குத்துவிளக்கைப் பார்த்துப் பொறுக்குவது யார்? திரியின் கனம், எண்ணெயின் தரம், எந்த மாடத்தில் எந்த விளக்கு என்பதையெல்லாம் நிச்சயிப்பது யார்? எல்லாம் நாம்தான். ஆனால் மின்சாரம் வந்தாலும் வந்தது, அந்த இலாகாவை அப்படியே எலெக்ட்ரீஷியன் கையிலும் வீட்டு ஆண்பிள்ளைகள் கையிலும் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டோம்.

அதன் பலன் என்ன? கூடத்தின் நடுச்சுவரில் ஒரு டியூப் லைட் பளீரென்று எரிகிறது. அடுப்பங்கரையிலோ விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கத்திரிக்காய் நறுக்க நின்றால் நம்முடைய நிழலே அரிவாள்மணை மேல் விழுகிறது. கத்திரிக்காயில் புழு இருந்தாலும் தெரியாது. விரல் இருந்தாலும் தெரியாது!

இந்தக் குறையைத் தீர்க்க இப்போது கடைகளில் ஒரு சாமான் சுருள் சுருளாக வந்து குவிந்திருக்கிறது. எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட் என்பது அதன் பெயர். பார்ப்பதற்கு ஜடை நாடா மாதிரியே இருக்கிறது. அகலம் ஒரு விரற்கடைக்கும் குறைவு. அதனால் நாம் நாடா விளக்கு என்றே சொல்லலாம். விலையும் பயப்படும்படி இல்லை. ஆனால் சுருளுக்குச் சுருள் குணம் வேறு. தெரியாமல் வாங்கினால் ஆறு மாதத்தில் பாதி எரியும், பாதி அணையும். அஜாக்கிரதையாக மாட்டினால் ஆபத்தும் உண்டு. ஆகவே நம் பழைய இலாகாவை நாமே திரும்ப ஏற்றுக்கொள்வது நல்லது.

பெண்ணாடத்தில் ஒரு பட்ஜெட் கூட்டம்

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் விருத்தாசலத்தைத் தாண்டினால் பெண்ணாடம் வருகிறது. தூங்குகிற யானையின் முதுகைப் போல விமானம் அமைந்த தூங்கானை மாடக் கோயில் உள்ள ஊர். சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பிறந்த ஊர். சுற்றிலும் கரும்பு வயல்.

அந்த ஊரிலே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எந்த வீடு என்று கேட்காதீர்கள். திண்ணையும் முற்றமும் உள்ள எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் இதே சம்பாஷணை காதில் விழக்கூடும். பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்திருக்கிறான். வீட்டு விளக்கை மாற்றுவதற்கென்று கொஞ்சம் பணமும் கொண்டுவந்திருக்கிறான்.

"அம்மா, கூடத்துக் கூரையைச் சுற்றி நாலு பக்கமும் கலர் ஸ்ட்ரிப் போட்டுவிடலாம். ரிமோட்டை அழுத்தினால் சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறும். பிரமாதமாக இருக்கும்!"

"அதெல்லாம் இருக்கட்டும்" என்கிறாள் மருமகள். "முதலில் அடுப்பங்கரை மேடைக்கு ஒரு வெளிச்சம் வேண்டும். சாயங்காலம் ஆனால் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. அத்தையைக் கேட்டுப் பாருங்கள்."

"எனக்கென்னடா, எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்கிறாள் தாயார், வழக்கம்போல.

ஆனால் விஷயம் அந்த 'ஒன்றும் வேண்டாம்' என்பதில்தான் இருக்கிறது. இரவில் இரண்டு தரம் எழுந்து, தாழ்வாரத்திலிருந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து, மறுபடி ஒரு படி ஏறிக் கொல்லைப்புறம் போகிறவள் அவள்தான். பெரிய விளக்கைப் போட்டால் குழந்தைகள் விழித்துக்கொள்ளுமே என்று இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு போகிறாள். போன மழைக்காலத்தில் ஒரு தரம் படி தவறிவிட்டது. நல்லவேளையாகத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அதை மருமகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லிவிடட்டுமா, அத்தை?" என்கிறாள் மருமகள்.

"சும்மா இரு, அம்மாடி. பிள்ளை கவலைப்படுவான்."

சொல்லவேண்டிய விஷயம்தான். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, விபத்தினால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த ஸ்தானம் கீழே விழுவதற்குத்தான். அதில் மிகுதியும் அகப்படுகிறவர்கள் வயதானவர்கள். கண்ணின் சங்கதியையும் கேளுங்கள். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. உள்ளேயிருக்கும் லென்ஸ் பழுப்பேறுகிறது. இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் உட்திரையை எட்டுகிறது. நமக்கு 'மங்கல்' என்று தோன்றுவது பெரியவர்களுக்குக் கும்மிருட்டு!

ஆகவே நாடா விளக்கு வாங்கப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. இந்த வெளிச்சம் யாருக்கு, எந்தக் காரியத்துக்கு? கூடத்துக்கு வரும் விருந்தாளி அரை மணி பார்த்து வியப்பதற்கா, தினம் மூன்று வேளை சமைக்கிற கைக்கா, இரவில் படி இறங்குகிற காலுக்கா?

ஒரே வருஷத்தில் இரண்டு பிறப்பு

இந்த விளக்கின் ஜாதகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கடலூர் ஜில்லாவுக்கும் வெளிச்சத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம்முடைய நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. 1962-ல் அங்கே முதல் மின்சாரம் பிறந்தது. முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் தம்பிமார்கள் இன்றும் வேலை செய்கிறார்கள்.

அதே 1962-ஆம் வருஷத்தில், அமெரிக்காவிலே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் நிக் ஹோலன்யாக் என்ற விஞ்ஞானி கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பாக ஒளிவிடும் சிறு துணுக்கு ஒன்றைச் செய்து காட்டினார். சூடேறிப் பழுக்கும் கம்பி இல்லை, வாயு இல்லை, பாதரசம் இல்லை. திடப்பொருளுக்குள்ளே மின்சாரம் பாய்ந்தவுடன் நேரே ஒளி வந்தது! அதுதான் எல்.இ.டி.

சிவப்பு வந்தது, பச்சை வந்தது, நீலம் மட்டும் முப்பது வருஷத்துக்குக் கண்ணாமூச்சி காட்டிற்று. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி இல்லை. ஜப்பானியர்களான அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் விடாப்பிடியாக முயன்று 1990-களின் தொடக்கத்தில் அதையும் சாதித்தார்கள். 2014-ல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நீலத் துணுக்கின் மேல் மஞ்சள் பொடியைப் பூசினால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரியும். நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குகளின் ரகசியம் அநேகமாக அவ்வளவுதான். நம் நாட்டில் 2015-ல் மத்திய சர்க்கார் 'உஜாலா' திட்டத்தைத் தொடங்கி மலிவு விலையில் பல்புகளை வீடு வீடாகச் சேர்த்தபோது அடுக்களைவரை அது வந்துவிட்டது.

நாடாவுக்குள் என்ன இருக்கிறது?

நாடாவை உற்றுப் பாருங்கள். வளையக்கூடிய மெல்லிய தகட்டில் செப்புக் கோடு ஓடுகிறது. அதன் மேல் கடுகு கடுகாக விளக்குகள். பன்னிரண்டு வோல்ட் நாடாவில் மும்மூன்று விளக்குகள் ஒரு குடும்பம். ஒவ்வொரு விளக்குக்கும் சுமார் மூன்று வோல்ட், மூன்றுக்கும் ஒன்பது. மிச்சத்தை ஒரு சிறு தடைத்துணுக்கு வாங்கிக்கொள்கிறது. ஆகவே குடும்பத்தைப் பிரிக்காமல்தான் கத்தரிக்க வேண்டும். எங்கே கத்தரிக்கலாம் என்பதற்கு நாடாவிலேயே கோடு போட்டு, சில சுருள்களில் கத்தரிக்கோல் படமும் அச்சிட்டிருக்கும். மீட்டருக்கு அறுபது விளக்கு என்றால் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. நூற்றிருபது என்றால் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. வேறு இடத்தில் கத்தரித்தால் அந்தக் குடும்பம் எரியாது.

இந்தப் பன்னிரண்டு வோல்ட் சுவர் பிளக்கிலிருந்து வராது. அங்கே வருவது இருநூற்று முப்பது. நடுவிலே அடாப்டர் வேண்டும். கடையில் டிரைவர் என்றும் எஸ்.எம்.பி.எஸ். என்றும் சொல்வார்கள். நாடாவைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, அடாப்டரை 'ஏதோ ஒன்று கொடப்பா' என்று வாங்குவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம்.

இருபத்துநாலு வோல்ட் நாடாவும் உண்டு. அதில் அதே வெளிச்சத்துக்கு ஓடும் கரெண்ட் பாதிதான். அதனால் நீளமாகப் போட்டாலும் கடைசி விளக்கு சோர்ந்துபோவதில்லை. பன்னிரண்டு வோல்ட் நாடாவை ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே கோடாக நீட்டினால் தலைப்பக்கம் பளிச்சென்றும் வால்பக்கம் மங்கலாகவும் எரியும். வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் குறைவதைப் போலத்தான். அதற்கு மேல் நீளம் வேண்டுமானால் இருபத்துநாலு வோல்ட் வாங்கலாம்; அல்லது ஒவ்வொரு துண்டுக்கும் அடாப்டரிலிருந்து தனித்தனி ஒயர் கொடுக்கச் சொல்லலாம்.

இவை தவிர, நேரே பிளக்கில் சொருகும் இருநூற்று முப்பது வோல்ட் நாடாவும் கடையில் கிடைக்கிறது. அடாப்டர் செலவு இல்லை, எவ்வளவு நீளமும் போடலாம் என்று கடைக்காரர் சொல்வார். குழந்தைகளின் கையும் ஈரக் கையும் படுகிற இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

சேலைக் கடையும் சி.ஆர்.ஐ.யும்

கடையிலே அரக்கு என்று வாங்கிய சேலை வீட்டுக்கு வந்ததும் காவியாகத் தெரிகிறதல்லவா? சேலை மாறவில்லை, விளக்கு மாறிவிட்டது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற கணக்கில் சொல்கிறார்கள். எண்ணெய் விளக்கின் சுடர் ஏறக்குறைய 2000 கெல்வின். பழைய குண்டு பல்பு 2700. டியூப் லைட்டின் நீலம் கலந்த வெண்மை 6500. எண் குறைந்தால் மஞ்சள், எண் கூடினால் நீலம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

படுக்கையறைக்கும் பூஜை அறைக்கும் 2700 முதல் 3000 வரை இதமாயிருக்கும். அடுப்பங்கரை மேடைக்கும் குழந்தைகள் படிக்கும் மேஜைக்கும் 4000 நல்லது. 6500 வெகு பிரகாசமாகத் தோன்றும். ஆனால் இரவு படுக்கப் போகும் நேரத்தில் நீலம் மிகுந்த வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஒரே அறையில் இரண்டு விதமான வெள்ளையைக் கலந்து மாட்டினால் வேஷ்டியில் பாதி சலவைக்குப் போட்டது மாதிரி இருக்கும்.

இன்னொரு எண் சி.ஆர்.ஐ. பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு அது மார்க்கு. நூற்றுக்கு எண்பது வாங்கியிருந்தால் பாஸ். தொண்ணூறு என்றால் முதல் வகுப்பு. மலிவு நாடாக்களில் சிவப்பு குறைந்திருக்கும். தக்காளி வெளுத்துத் தெரியும். குங்குமம் மண் நிறமாகத் தெரியும். நெற்றியில் வைத்தால் முகம் களையிழந்து தெரியும். அடுப்பங்கரைக்கும் அலங்கார மேஜைக்கும் தொண்ணூறு கேட்டு வாங்குங்கள். கடையிலே சோதிக்க உபாயம் சுலபம். கையை விளக்கின் கீழே நீட்டி உள்ளங்கையைப் பாருங்கள். ரத்தவோட்டத்தின் சிவப்பு இயல்பாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. பிணக்களை தட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்!

வாட் கணக்கு

இப்போது பெண்ணாடத்து வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மருமகள் கையில் பென்சிலை எடுத்துவிட்டாள்.

நாடாவின் அட்டையில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று போட்டிருக்கும். சும்மா கோடு காட்டும் மெல்லிய வெளிச்சத்துக்கு நாலைந்து வாட் போதும். வேலை செய்யும் மேடைக்குச் சுமார் பத்து வாட். அறைக்கே அது ஒன்றுதான் விளக்கு என்றால் பதினாலும் அதற்கு மேலும் வேண்டும்.

அடுப்பங்கரை மேடை மூன்று மீட்டர். மீட்டருக்கு 9.6 வாட். மொத்தம் 28.8 வாட். அடாப்டரை முழு மூச்சாக ஓட்டக்கூடாது. கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆக 36 வாட், அதாவது பன்னிரண்டு வோல்ட், மூன்று ஆம்பியர். தினம் நாலு மணி எரித்தால் மாதம் மூன்றரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அதே நேரம் அறுபது வாட் குண்டு பல்பு எரிந்தால் ஏழு யூனிட்டுக்கு மேல் ஆகும்.

முற்றத்துப் படிகள் இரண்டு, படிக்கு ஒரு மீட்டர். மீட்டருக்கு 4.8 வாட். மொத்தம் 9.6 வாட், அடாப்டர் பன்னிரண்டு வாட். ராத்திரி பத்து மணி நேரமும் எரிந்தால்கூட மாதம் மூன்று யூனிட்டைத் தாண்டாது. ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானே எரியும் சென்சார் வைத்தால் அதிலும் சொற்பம்தான் ஆகும்.

பிள்ளையாண்டான் கேட்ட கலர் நாடா? கூடம் நாலு மீட்டருக்கு மூன்றரை மீட்டர். சுற்றளவு பதினைந்து மீட்டர்; மூன்று சுருள். மீட்டருக்கு 14.4 வாட் வீதம் முழு வெளிச்சத்தில் 216 வாட். தினம் ஐந்து மணி என்றால் மாதம் முப்பத்திரண்டு யூனிட்! அடாப்டருக்கும் ரிமோட்டுக்கும் கூரை வேலைக்கும் ஆகும் செலவு வேறு.

பென்சில் நின்றது. படி தவறிய கதையையும் மருமகள் அப்போதுதான் சொன்னாள். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் முற்றத்துப் படியை ஒரு தரம் இறங்கி ஏறிப் பார்த்தான்.

"முதலில் படிக்கு. அப்புறம் அடுப்பங்கரைக்கு. மிச்சமிருந்தால் நவராத்திரிக்கு" என்றான்.

"கலர்?" என்றாள் தாயார், பிள்ளையின் ஆசை கெட்டுப்போகிறதே என்று.

"அடுத்த வருஷம் பார்க்கலாம், அம்மா."

எங்கே, எப்படி மாட்டுவது?

நாடா விளக்கு மாட்டுவதில் ஒரே ஒரு சூத்திரம் உண்டு. வெளிச்சம் தெரிய வேண்டும், விளக்கு தெரியக்கூடாது. கடுகு விளக்குகள் கண்ணில் நேரே குத்தினால் கூசும். வயதானவர்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகம்.

அடுப்பங்கரையில் அலமாரிக்கு அடியில், சுவரோரமாக அல்ல, முன்விளிம்புக்குப் பின்னால் மறைவாக மாட்டுங்கள். அப்போதுதான் கைக்கு வெளிச்சம் வரும். அலமாரி இல்லாத பழைய அடுப்பங்கரையானால் ஒரு பலகைத் தட்டு அடித்து அதன் அடியில் மாட்டலாம்.

படியிலோ, மேற்படியின் விளிம்புக்கு அடியில், கீழ்நோக்கி இருக்கவேண்டும். நிறம் 2700. கால் வைக்கும் இடம் மட்டும் தெரிந்தால் போதும், தூக்கம் கலையக்கூடாது. முற்றத்தில் மழை விழும். ஆகவே அட்டையில் ஐ.பி. என்ற எழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். 20 என்றால் தண்ணீரே ஆகாது. 65 என்றால் நீர் பீச்சினாலும் தாங்கும். 67 என்றால் சற்று நேரம் மூழ்கினாலும் தாங்கும். முற்றத்துக்கு 67. கடலூர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பை அரிக்கும்; அங்கே வீட்டுக்குள்ளும் மேலே பூச்சு உள்ள நாடாவே உத்தமம்.

நாடாவின் முதுகில் பசை இருக்கிறதே என்று நேரே சுவரில் ஒட்டிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் அது நாலு நாள்கூட நிற்காது. அலுமினியப் பட்டை என்று மெல்லிய வாய்க்கால் போன்ற சட்டம் விற்கிறார்கள். அதை ஸ்க்ரூ போட்டு முடுக்கி அதற்குள் நாடாவை ஒட்ட வேண்டும். இதில் இரண்டு லாபம். எல்.இ.டி.க்குச் சூடுதான் யமன்; அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்வதால் விளக்கின் ஆயுள் கூடும். அதன் மேல் பொருத்தும் பால்நிற மூடியால் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாக ஒளி வரும். அடுப்பங்கரை எண்ணெய்ப் பிசுக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

கொலுவுக்கு ஒரு யோசனை

நவராத்திரி வந்தால் சீரியல் செட் தேடாத வீடு உண்டா? கொலுப்படிக்கு நாடா விளக்குப் போடுகிறவர்கள் பலர் ஒவ்வொரு படியின் பின்பக்கமும் ஒட்டுகிறார்கள். வெளிச்சம் பொம்மையின் முதுகில் விழுகிறது; முகம் இருண்டுபோகிறது! மீனாட்சி கல்யாணம் முழுவதும் நிழலாட்டம்தான்.

நாடக மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். கொலுவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குச் சட்டம். கம்பம் ஒன்றேமுக்கால் மீட்டர் வீதம், சட்டம் ஒன்றரை மீட்டர். மொத்தம் சரியாக ஐந்து மீட்டர். ஒரே சுருள் போதும். நாடாவைக் கம்பத்தின் உட்பக்கமாக, பொம்மைகளை நோக்கித் திருப்பி ஒட்டுங்கள். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் விளக்கே படாது. பொம்மைகளின் முகமெல்லாம் மலர்ந்திருக்கும். மீட்டருக்கு 4.8 வாட் நாடாவே ஏராளம். பண்டிகை முடிந்ததும் சட்டத்தோடு கழற்றிப் பரணில் வைத்துவிடலாம்.

ஜாக்கிரதை! ஜாக்கிரதை!

இவற்றை மட்டும் மறக்கக்கூடாது.

சுருளைப் பிரிக்காமலே நெடுநேரம் எரியவிடக்கூடாது. உள்ளே சூடு தங்கி நாடா கருகும். வேலை செய்கிறதா என்று ஒரு நொடி பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

அடாப்டரைத் துணிமணிக்கு அடியிலோ, காற்றுப் புகாத பெட்டிக்குள்ளோ, அடுப்புக்கு மேலேயோ வைக்கக்கூடாது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருக்கக்கூடாது.

பூஜை அறையில் கற்பூரச் சுடரும் தீபச் சுடரும் எட்டும் இடத்தில் நாடா இருக்கக்கூடாது.

நாடாவின் மேல் ஆணி அடிப்பது, ஒயரைத் திருகி டேப் சுற்றிவிடுவது, இரண்டும் கூடாது. இதற்கென்று கனெக்டர் விற்கிறது. அல்லது ஈயம் வைத்து ஒட்டலாம். எரியவில்லையா? கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறியிருக்கும். மாற்றிக் கொடுத்தால் எரியும்.

நாடாவைக் கத்தரிப்பதும் ஒட்டுவதும் நாமே செய்யலாம். புதிய பிளக் பாயிண்ட், சுவிட்ச் என்ற இருநூற்று முப்பது வோல்ட் வேலைக்கு மட்டும் தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

மின்வெட்டுக் காலத்துக்கும் இந்த விளக்கு உதவும். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு, இந்த ஜில்லாவில் எத்தனை வீடுகள் நாள்கணக்கில் மெழுகுவர்த்தியோடு காலம் தள்ளின! இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் படிக்கும் அடுப்பங்கரைக்கும் உள்ள நாடாக்களை அதன் இணைப்பிலே சேர்த்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து நாற்பது வாட்டுக்குள்தான்; மின்விசிறியை நிறுத்தாமலே வெளிச்சம் இருக்கும்.

கடையிலே கேட்க ஏழு கேள்விகள்

கையிலே இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். கடைக்காரர் ஒருகணம் திகைத்தாலும் பரவாயில்லை.

1. பன்னிரண்டு வோல்ட்டா, இருபத்துநாலா?

2. மீட்டருக்கு எத்தனை வாட்?

3. எத்தனை கெல்வின்?

4. சி.ஆர்.ஐ. எண்பதா, தொண்ணூறா?

5. ஐ.பி. எண் என்ன?

6. அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா? 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் எண் அடாப்டரின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

7. பில்லும் உத்தரவாதமும் உண்டா?

எல்லாவற்றுக்கும் பதில் வந்தால், விளக்கை எரியவிட்டு உங்கள் கைப்பேசியின் காமிராவை அதற்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டுகிறது என்று அர்த்தம். சிலருக்குத் தலைவலியைக் கொடுக்கக்கூடியது அது. வேறு சுருள் காட்டச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கைப் போடாமல் உங்கள் வீட்டில் ஒரு தரம் படுக்கையிலிருந்து கொல்லைப்புறம் வரையில் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் கால் தயங்குகிறதோ, அந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்து வையுங்கள். முதல் மீட்டர் நாடா அங்கேதான் ஒட்டவேண்டும்.